பழைய படங்களைக் கணனியிற் செப்பனிடுவது எவ்வாறு?

சார்ஜாவில் தொழிலாளர் விடுதியொன்றில் வசிக்கும் நண்பர் ஒருவர், சென்ற மாதம் ஒரு நிழற்படத்துடன் என்னிடம் வந்தார். 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் இடம்பெயர்ந்தபோது, அவருடைய தாயார் உடுபுடவைகளுக்கிடையில் வைத்துக் காப்பாற்றிய திருமணப் படம் அது. ஒரு மூலை கிழிந்து, பூஞ்சணம் படர்ந்திருந்தது. தாயார் இன்று உயிருடன் இல்லை. படப்பிடிப்பு நிலையமொன்று அதனைச் செப்பனிட்டுக் கொடுத்திருந்தது. கிழிசல் மறைந்திருந்தது, கூடவே தாயாரின் நிறம் வெளுத்து, நெற்றித் தழும்பும் மறைந்திருந்தது.

"சேர், இது எங்கட அம்மா இல்லை" என்றார் நண்பர்.

சிறிது பொறுமையிருப்பின் இப்பணியை எவரும் தாமே செய்துகொள்ளலாம். 1990இல் வெளிவந்த போட்டோஷொப் மென்பொருளை இன்று சந்தா செலுத்தியே பெறவேண்டும். கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர் இருவர் 1995இல் தொடங்கிய கிம்ப் மென்பொருளோ இலவசமானது. எமது தேவைக்கு அதுவே போதும்.

முதலாவது பணி படத்தை ஸ்கான் செய்வது. அங்குலத்துக்கு 600 புள்ளிகள் எனப் பதிந்தால், பின்னர் இருமடங்கு அளவிலும் தெளிவாக அச்சிடலாம். கறுப்பு வெள்ளைப் படமாயினும் வண்ணத்திலேயே ஸ்கான் செய்க. மஞ்சட் கறைகளைப் பிரித்தறிய அது உதவும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை இழுத்துப் பிரிக்க முயலவேண்டாம், கண்ணாடியோடேயே பதிந்துகொள்க. மூலப் பதிவை டிஃப் வடிவில் சேமிப்பது நன்று. ஜேபெக் வடிவில், திருத்தித் திருத்திச் சேமிக்குந்தோறும் நுணுக்கங்கள் சிறிது சிறிதாக அழியும்.

மூலப்பிரதியில் கைவைக்காதே, குறிப்பைத் தனித்தாளில் எழுது என்று விரிவுரை மண்டபத்தில் மாணவர்க்குக் கூறுவதுண்டு. இங்கும் விதி அதுவே. லேயர் எனப்படும் மேலடுக்கு ஒன்றைத் திறந்து திருத்தங்களை அதிலேயே செய்க. தவறு நேர்ந்தால் மேலடுக்கை மட்டும் நீக்கிவிடலாம்.

அடுத்து, லெவல்ஸ் வசதியினால் மங்கலைச் சீர்செய்க. அதிற் காணப்படும் வரைபடத்தின் இரு ஓரங்களுக்கும் குறிகளை நகர்த்தினால், மங்கிய கருமையும் வெண்மையும் மீளும். அதன் பின்னரே கீறல்கள். குளோன் கருவி, அருகிலுள்ள நல்ல பகுதியைப் பிரதிசெய்து பழுதின்மேற் பூசுவது. போட்டோஷொப்பில் ஆல்ற் விசையையும் கிம்ப்பில் கொன்ட்ரோல் விசையையும் அழுத்தியவாறு அந்நல்ல பகுதியைத் தெரிவுசெய்யலாம். தூரிகை சிறிதாக இருக்கட்டும். எடுக்கும் இடத்தை அடிக்கடி மாற்றுக. இல்லையேல் ஒரே அடையாளம் திரும்பத் திரும்பத் தோன்றி ஒட்டுப்போட்டதைக் காட்டிக்கொடுக்கும். சீரான பரப்பிலுள்ள புள்ளிகளுக்கு ஹீலிங் கருவி சிறந்தது. புடவைக் கரை, முகத்தின் விளிம்பு போன்ற இடங்களில் அது வண்ணங்களைக் கலந்துவிடும்.

எங்கே நிறுத்துவது என்பதே முக்கியமான கேள்வி. கறை காலம் ஏற்படுத்திய பழுது. தழும்போ அம்மனிதருக்கே உரியது. முன்னதை நீக்கலாம், பின்னதைத் தொடலாகாது. அழிந்துபோன கண்ணையோ வாயையோ இன்றைய செயற்கை நுண்ணறிவு நொடியில் வரைந்து தரும். ஆனால் அது ஊகித்து வரைந்த அந்நியர் முகமாகவே இருக்கும்.

வளைகுடாவில் வாழ்வோர்க்கு மேலும் இரு எச்சரிக்கைகள். கடவுச்சீட்டு, அடையாள அட்டை ஆகியவற்றுக்கான படங்களில் முகத்தைத் திருத்தவேண்டாம், விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். பிறரை இழிவுபடுத்தும் நோக்கில் படங்களை மாற்றுவது, ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்ச் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வேடிக்கைக்கென்று நண்பரின் தலையை வேறோர் உடலிற் பொருத்தி அனுப்புவோர் இதனை மனங்கொள்வது நன்று.

நண்பரின் படத்தை மூன்று மாலைப் பொழுதுகளிற் செப்பனிட்டோம். பூஞ்சணம் போயிற்று, தழும்பு இருக்கிறது. இறுதியாக, படத்திலுள்ளோரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிப் படத்துடன் வைக்கச் சொன்னேன். பெயர்கள் மறந்துபோனால் எந்த மென்பொருளாலும் அவற்றை மீட்டுத்தர இயலாது.