ஜிப் கோடும் கணக்கெடுப்புப் பிளாக்கும்

அமெரிக்காவில் 1963இல் அறிமுகமான ஐந்து இலக்க ஜிப் கோடு, கடிதங்களைத் தரம் பிரிக்க ஏற்பட்டது. அதன் அடிப்படை தபால்காரர் செல்லும் தடமே தவிர, எல்லை வகுத்த நிலப்பரப்பு அல்ல. மக்கள்தொகைக் கணக்கெடுப்போ நாட்டைப் பிளாக், பிளாக் குரூப், டிராக்ட் என்று அடுக்கடுக்காகப் பிரிக்கிறது. நகரங்களில் பிளாக் என்பது பெரும்பாலும் நான்கு தெருக்களுக்கு நடுவே அடங்கிய துண்டு. டிராக்டில் ஏறத்தாழ 4,000 பேர் இருப்பார்கள். வருமானம், படிப்பு, வாடகை பற்றிய விவரங்கள் பிளாக் குரூப், டிராக்ட் வாரியாகக் கிடைக்கும். மருத்துவமனைப் பதிவேட்டில் இருப்பதோ தபால் விலாசம். இரண்டையும் இணைத்தால்தான் எந்தப் பகுதியில் எந்த நோய் என்பது தெரியவரும்.

1970 கணக்கெடுப்பில் பெருநகரவாசிகளுக்குப் படிவங்கள் தபாலில் போயின. நிரப்பி வந்தவற்றைப் பிளாக் வாரியாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து பிறந்த கோப்புகள் வளர்ந்து, 1990 கணக்கெடுப்புக்குள் நாடு முழுவதற்குமான ‘டைகர்’ வரைபடமாயின. சந்திக்குச் சந்தி ஒவ்வொரு தெருத் துண்டுக்கும் இரு பக்கக் கதவு எண்களும், எந்தப் பக்கம் எந்தப் பிளாக் என்பதும் அதில் பதிவாகியிருக்கும். வலப்பக்கம் 100 முதல் 198 வரை இரட்டைப்படை எண்கள் என்றால், 150ஆம் எண் வீட்டைக் கணினி நடுவில் வைக்கும். உண்மையில் அந்த வீடு முனையிலேயே இருக்கலாம். பாதகமில்லை, பக்கம் சரியாக இருந்தால் பிளாக் மாறாது. தபால் பெட்டி எண்ணை மட்டும் விலாசமாகக் கொடுப்பவர்களிடம் இந்த வித்தை பலிக்காது.

2000 கணக்கெடுப்பில், ஒரு பிளாக்கில் அதிகம் வழங்கும் ஜிப் கோடு எதுவோ அதில் அந்தப் பிளாக்கைச் சேர்த்து, ஜிப் கோடுகளுக்குத் தோராயமான எல்லைகள் வரையப்பட்டன. வசதிதான், ஆனால் நம்பிவிடக் கூடாது. மிச்சிகனின் ஃபிளின்ட் நகரம் அதற்குச் சாட்சி. அங்கே 2014 ஏப்ரலில் குடிநீர் ஆதாரம் டெட்ராய்ட் தண்ணீரிலிருந்து ஆற்றுக்கு மாறியது. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்தது. மாநில அரசு குழந்தைகளின் இரத்தப் பரிசோதனை முடிவுகளை ஜிப் கோடு வாரியாகப் பார்த்து, குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை என்றது. ஆனால் ஃபிளின்ட் ஜிப் கோடு கொண்ட வீடுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கு நகர எல்லைக்கு வெளியே இருந்தன. அந்தத் தண்ணீரைக் குடிக்காத குழந்தைகளும் கணக்கில் கலந்துவிட்டார்கள். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷாவும் புவியியலாளர் ரிச்சர்ட் சாட்லரும் ஒவ்வொரு விலாசத்தையும் வரைபடத்தில் குறித்து, நகருக்குள் உள்ளவர்களைத் தனியே பிரித்தார்கள். இரத்தத்தில் ஈயம் மிகுந்த குழந்தைகளின் பங்கு 2.4 சதவீதத்திலிருந்து 4.9 சதவீதமாக ஏறியிருந்தது. 2015 அக்டோபரில் நகரம் மீண்டும் டெட்ராய்ட் தண்ணீருக்கே திரும்பியது.