பல்லுக்கு எந்தக் கிளிப்?

செஞ்சியிலிருந்து புதுச்சேரிக்குத் திண்டிவனம் வழியாகச் சுமார் 70 கிலோமீட்டர். கோரிமேட்டில் உள்ள மகாத்மா காந்தி பல் மருத்துவ உயர்கல்வி நிலையம்போல ஓர் இடத்துக்கு, கிளிப் போட்ட பிள்ளையை மாதாமாதம் அழைத்துப்போவது எளிதல்ல. எந்தக் கிளிப் என்று முடிவெடுக்கும்போது இந்தப் பயணத்தையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

பல்லுக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்த்திசு உண்டு. மெதுவான விசை தொடர்ந்து விழுந்தால், பல் அழுந்தும் பக்கம் எலும்பு கரையும். எதிர்ப்பக்கம் புது எலும்பு வளரும். மாதத்துக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் பல் நகரும். அதனால்தான் பெரும்பாலோருக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவசரப்பட்டு விசையைக் கூட்டினால் வேர் தேயலாம்.

அதிகம் போடப்படுவது உலோகக் கிளிப். 1920-களில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் வகுத்த முறையே அதன் அடிப்படை. பல்லில் ஒட்டிய பிராக்கெட்டுகளின் வழியே கம்பி ஓடும். 1970-களில் வந்த நிக்கல்-டைட்டானியம் கம்பி, வளைத்தாலும் பழைய வடிவத்துக்கே திரும்ப முயல்வதால் மென்மையான விசை வாரக்கணக்கில் நீடிக்கிறது. விலை குறைவு, உறுதி அதிகம்.

செராமிக் கிளிப் பல் நிறத்தில் இருக்கும். ஆனால் எளிதில் உடையும். பல்லின் உட்புறம் ஒட்டும் லிங்குவல் கிளிப் வெளியே தெரியாது. தொடக்கத்தில் நாக்கு உரசும், பேச்சு குழறும்.

1999-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த இன்விசலைன் போன்ற அலைனர்கள் கழற்றி மாட்டும் ஒளிபுகும் உறைகள். மருத்துவரிடம் போகும் தடவைகள் குறையலாம். ஆனால் விலை அதிகம். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருந்தால்தான் பலன்.

வளரும் வயதில் கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், ஸ்காட்லாந்தின் வில்லியம் கிளார்க் உருவாக்கிய ட்வின் பிளாக் கருவி கைகொடுக்கும். வளர்ச்சி நின்றபின் அதே குறைக்குச் சிலருக்கு அறுவை சிகிச்சையே வழி. ஆகவே ஏழு வயதிலேயே ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

கிளிப் போட்டபின் முறுக்கு, கரும்பு, மல்லாட்டை உருண்டை ஆகாது. ஒரு பிராக்கெட் கழன்றாலும் இன்னொரு பேருந்துப் பயணம். சிகிச்சை முடிந்ததும் ரிடெய்னர் மாட்ட வேண்டும். இல்லையென்றால் பற்கள் பழைய இடத்துக்கே நகரத் தொடங்கும். முதல் நாளே ரிடெய்னர் செலவையும் சேர்த்து மொத்தக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டுக்கொள்வது பெற்றோருக்கு நல்லது.