வாழ்வோனுக்கு ஒரு கையறுநிலை

கையறுநிலை என்னும் புறத்துறையைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம், மாண்டோரை நினைந்து எஞ்சியோர் புலம்புவது என்றே மாணவர்க்கு விளக்கி வந்தேன். உயிரோடிருப்பவனுக்கும் அது பொருந்தும் என்பதை எனக்கு உணர்த்தியது மேனாட்டு றொக் இசைத்தட்டு ஒன்று.

பிங்க் புளொயிட் என்னும் ஆங்கிலேயக் குழுவினர் 1975ஆம் ஆண்டு செப்டெம்பரில் வெளியிட்ட ‘விஷ் யூ வேர் ஹியர்’ என்பதே அது. ‘நீ இங்கிருக்கலாகாதா’ என்னும் ஏக்கமே அப்பெயரின் பொருள். இளமையில் அதனை வெற்றிரைச்சலென ஒதுக்கினேன். அண்மையில் பழைய மாணாக்கர் ஒருவர் வற்புறுத்தவே மீண்டும் கேட்டேன்.

அக்குழுவை நிறுவியோருள் ஒருவரும் தொடக்ககாலப் பாடலாசிரியருமான சிட் பரற், உளம் நிலைகுலைந்தமையால் 1968இல் அதனை விட்டு நீங்கினார். 1973இல் வெளிவந்த ‘டார்க் சைட் ஒவ் த மூன்’ ஏனையோர்க்குப் பெரும் பொருளும் புகழும் ஈட்டிக்கொடுத்தது. பின்னர் அவர்களைப் பற்றியது வெறுமை. அவ்வெறுமையையே அவர்கள் பாடுபொருளாக்கினர்.

இத்தட்டில் உள்ளவை ஐந்து உருப்படிகளே. பரற்றை நினைந்து எழுந்த நெடும்பாடல் ஒன்பது பகுதிகளையுடையது. அதனை இரண்டாகப் பிரித்து முதலிலும் ஈற்றிலும் வைத்தனர். இடையில் நிற்கும் மூன்றனுள் இரண்டு இசை வாணிபத்தைச் சாடுவன. நெடும்பாடலில் குரல் எழுமுன் எட்டு நிமிடங்களுக்கு மேலாகக் கருவியிசையே ஒலிக்கின்றது. டேவிட் கில்மோரின் கிற்றார் நான்கு சுரங்களை விட்டுவிட்டு எழுப்புகின்றது. அது மறுமொழி பெறாத அழைப்பென என் செவியிற் பட்டது.

1975 யூன் மாதத்து நாளொன்றில், இலண்டன் அபி றோட் ஒலிப்பதிவு நிலையத்தில் அப்பாடலைச் செப்பஞ் செய்துகொண்டிருந்தனர். தலையும் புருவமும் மழித்த பருத்த மனிதர் ஒருவர் உள்ளே வந்தார். உடனிருந்து பாடிய நண்பர்கள் அவரை இன்னாரென்று உடனே அறிந்திலர். அவரே பரற்! அறிந்தபோது றோஜர் வோட்டர்ஸ் கண்ணீர் விட்டார். பரற் அதன்பின் முப்பத்தோராண்டு வாழ்ந்து 2006இல் மறைந்தார்.

இவ்விடத்தில் என் நெஞ்சு சுடுகின்றது. என்னுடன் ஒருங்கிருந்து யாப்புக் கற்ற நண்பர் ஒருவர், பல்லாண்டு கழித்து என் வாயிலில் வந்து நின்றார். “யாரைத் தேடுகிறீர்கள்?” என்று வினவினேன். அவர் மெல்லச் சிரித்துத் திரும்பினார். படலையைக் கடந்தபின் நடையைக் கண்டே அறிந்தேன். ஒழுங்கைக்கு ஓடினேன், காணவில்லை.

மாண்டாரைப் பாட நம் முன்னோர் துறை வகுத்தனர். இருந்தும் நம்மிடையே இல்லாதாரை எத்துறையில் வைப்பது? அடுத்தமுறை கையறுநிலை நடத்தும்போது, மாணவரிடம் இவ்வினாவையும் வைப்பேன்.