தாத்தா பட்டாளத்துல இருந்தாரா? உலகப்போர் ரெக்கார்டு தேடுவது எப்படி?

விழுப்புரம்:
"எங்க தாத்தா பர்மா சண்டைக்கு போனவரு" என்று சொல்லும் குடும்பங்கள் விழுப்புரம், திண்டிவனம் பகுதி கிராமங்களில் இன்றும் உண்டு. எந்தப் படை, என்ன நம்பர் என்று கேட்டால்தான் பதில் வராது. பரண் மேல் இருக்கும் தகரப்பெட்டியை திறந்து பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

2-ம் உலகப்போரில் இந்திய ராணுவத்தில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தனர். சுமார் 87 ஆயிரம் பேர் உயிரிழந்தனர்.

நம்பர்தான் முக்கியம்

டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தால் படை எண், படைப்பிரிவு இரண்டும் அதிலேயே இருக்கும். அது இல்லையா? பதக்கத்தைப் பாருங்கள். முதல் உலகப்போர் பதக்கம் என்றால் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். 'பர்மா ஸ்டார்' இருந்தால் பர்மா போர்முனையில் இருந்தவர் என்று அர்த்தம். பழசு என்று பித்தளைக்கடையில் போட்டுவிடாதீர்கள்.

எங்கே எழுதுவது?

ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் தனி ரெக்கார்டு ஆபீஸ் உண்டு. மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி மாவட்டம் வெலிங்டன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு. சிக்னல்ஸ் படைக்கு ஜபல்பூர். எண், பெயர், தகப்பனார் பெயர், ஊர் எழுதி, இருக்கும் ஆவணங்களின் ஜெராக்ஸ் வைத்து பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்கக் கூடாது.

பென்ஷன் வாங்காமல் வந்தவர்களின் தனி பைல்களை 25 ஆண்டுக்கு பிறகு அழித்துவிடுவது ராணுவ விதி. அதனால் "பைல் இல்லை" என்று பதில் வரலாம். அத்தோடு விட்டுவிட வேண்டாம். 'லாங் ரோல்' என்ற பேரேட்டில் பெயர் இருக்கும். அதைப் பார்த்து சொல்லும்படி மறுபடியும் எழுதுங்கள்.

திரும்பி வராதவர்கள்

போரில் இறந்தவர்களை தேட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம் உள்ளது. கட்டணம் கிடையாது. மியான்மரில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் மட்டும் கல்லறை தெரியாத சுமார் 27 ஆயிரம் பேரின் பெயர்கள் உள்ளன.

தேடும்போது "விழுப்புரம் மாவட்டம்" என்று போட்டால் கிடைக்காது. நம்ம மாவட்டம் உருவானது 1993-ல்தான். அப்போது தென் ஆற்காடு மாவட்டம். பெயரையும் வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான். முனுசாமி, முனிசாமி என நாலைந்து விதமாக ஆங்கிலத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். தகப்பனார் பெயர் ஒத்துப்போனால்தான் அவர் உங்க தாத்தா.

பாட்டி இருக்கிறாரா?

இது வெறும் பெருமைக்காக மட்டும் அல்ல. பென்ஷன் இல்லாத 2-ம் உலகப்போர் வீரர்களுக்கும், அவர்களின் விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாந்திர நிதியுதவி வழங்குகிறது. அதற்கு படைப்பணி ஆதாரம் வேண்டும். விழுப்புரத்தில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் விவரம் கேட்கலாம். புரோக்கர் தேவையில்லை.

அந்த பாட்டிகளுக்கு இப்போது 90 வயதை ஒட்டி இருக்கும். தாத்தா பெயர், எந்த வருஷம் போனார், எந்த ஊரிலிருந்து கடிதம் வந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பெட்டியை திறக்கும் முன் பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.