வலி தெரியாத உடம்புக்கு மயக்க மருந்து எதற்கு?

மாடியிலிருந்து விழுந்து கழுத்தில் தண்டுவடம் முற்றிலும் சிதைந்துபோன ஒருவர். நெஞ்சுக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. சிறுநீர்ப்பையில் கல் வந்துவிட்டது. மாதக்கணக்கில் யூரின் டியூபோடு இருப்பவர்களுக்கு இது அடிக்கடி வருகிற தொல்லை. கல்லை உடைத்து எடுக்க வேண்டும். தொட்டால்கூடத் தெரியாத இடத்தில் செய்யும் ஆபரேஷனுக்கு மயக்க மருந்து எதற்கு? நோயாளியே கேட்பார். இத்தகைய நோயாளிகளை அதிகம் பார்த்திராத டாக்டருக்கும் அந்த எண்ணம் வருவதுண்டு.

கொடுக்காமல் தொடங்கினால் நடப்பது இது. கல் கண்ணுக்குத் தெரிவதற்காக, கருவி வழியே சிறுநீர்ப்பைக்குள் நீரைப் பாய்ச்சுவார்கள். பை விரியும். கொஞ்ச நேரத்தில், மானிட்டரில் 95 காட்டிக்கொண்டிருந்த மேல் ரத்த அழுத்தம் 150, 180, 220 என்று ஏறும். நாடித்துடிப்போ இறங்கிக்கொண்டே போகும். முகமும் கழுத்தும் சிவந்து, நெற்றியில் வியர்வை கொட்டும். மண்டையே பிளந்துவிடும் போலத் தலை வலிக்கும். போர்வையை விலக்கிக் காலைப் பார்த்தால், வெளிறிச் சில்லிட்டு, மயிர்க்கூச்செறிந்து கிடக்கும். நெஞ்சுக்கு மேலே ஒரு பருவம், கீழே வேறொரு பருவம்.

மருத்துவத்தில் இதன் பெயர் ஆட்டோனாமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா. கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரலாம், மூளையில் ரத்தக்கசிவு ஏற்படலாம், உயிரே போகலாம்.

அடிபட்ட இடத்துக்குக் கீழே எல்லாம் செத்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அங்கே தண்டுவடம் உயிரோடுதான் இருக்கிறது. மூளையோடு தொடர்பு இல்லை, அவ்வளவுதான். சிறுநீர்ப்பை விரிந்ததும் அதன் நரம்புகள் வழக்கம்போல் தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்புகின்றன. மேலே போக வழியில்லை. ஆனால் அங்கேயே இருக்கும் பரிவு நரம்புகள் விழித்துக்கொண்டு, குடலையும் கால்களையும் சேர்ந்த ரத்தக்குழாய்களை இறுக்குகின்றன. குடல் பகுதிக் குழாய்களில் தேங்கியிருக்கும் ரத்தம் கொஞ்சநஞ்சமல்ல; அத்தனையும் பிழிந்து மேலே தள்ளப்படுவதால் அழுத்தம் எகிறுகிறது.

கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணர்விகள் இதை உடனே மூளைக்குச் சொல்லிவிடுகின்றன. மூளை, ‘குழாய்களைத் தளர்த்து’ என்று கட்டளை இடுகிறது. அது தண்டுவடம் வழியாகத்தான் இறங்க வேண்டும், அடிபட்ட இடத்தில் நின்றுவிடுகிறது. மூளைக்கு மிச்சமிருப்பது தண்டுவடத்தைத் தொடாமல் மண்டையோட்டிலிருந்தே நேராக இதயத்துக்கு இறங்கும் வேகஸ் நரம்பு. அதன் வழியே இதயத்தை மட்டும் மெதுவாக்க முடிகிறது. நாடி குறைவதும், அழுத்தம் குறையாமல் நிற்பதும் அதனால்தான். குடல் பகுதிக்குப் போகும் பரிவு நரம்புகள் பெரும்பாலும் மார்புப் பகுதித் தண்டுவடத்தின் நடுவிலிருந்து கிளம்புபவை. எனவே மார்புப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது கண்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம்.

முதல் உலகப் போரில் முதுகில் குண்டடிபட்ட வீரர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பும்போதெல்லாம் வியர்த்துக் கொட்டுவதை, ஹென்றி ஹெட், ஜார்ஜ் ரிடாக் என்ற இரு பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1917இல் பதிவு செய்தார்கள். அதற்கு 30 ஆண்டுகள் கழித்து, ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி இங்கிலாந்து வந்த லுட்விக் குட்மன், உடலியங்கியல் ஆய்வாளர் விட்டரிஜுடன் சேர்ந்து, சிறுநீர்ப்பை நிரம்பும்போது ரத்த அழுத்தம் எப்படி மாறுகிறது என்பதை முறையாக அளந்து வெளியிட்டார். பாராலிம்பிக் போட்டிகளுக்கு வித்திட்டவராகத்தான் குட்மனை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. இந்த அளவீட்டுக்காகவும் நினைவில் வைக்கலாம் என்பேன்.

ஆகவே ஆபரேஷன் மேஜையில் மயக்க மருந்து நிபுணர் தடுக்கப் பார்ப்பது வலியை அல்ல, இந்த எதிர்வினையை. நல்ல வழிகளில் ஒன்று முதுகில் போடும் ஊசி. ஏற்கெனவே உணர்வற்ற பகுதியை மறுபடி மரத்துப்போகச் செய்வது வேடிக்கையாகத் தோன்றும். ஆனால் செய்தி தண்டுவடத்தை எட்டும் முன்பே அங்கே அணை விழுந்துவிடுகிறது. மருந்தின் வேகம் தணிந்த பிறகு, வார்டில், டியூப் மடிந்து சிறுநீர் தேங்கினால் போதும், எல்லாம் மறுபடி தொடங்கும். அப்போது முதல் வேலை, எழுப்பி உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுவது. ரத்தம் கொஞ்சம் கீழே இறங்கும். அடுத்தது இறுக்கமான உடையைத் தளர்த்தி, டியூபைப் பார்ப்பது. பிறகு மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம் என்று காரணத்தைத் தேட வேண்டும். காரணம் சட்டென்று பிடிபடாமல் அழுத்தம் ஏறியே நின்றாலோ, காரணத்தை நீக்கியும் இறங்காவிட்டாலோ மருந்து.

இதில் ஒரு கண்ணி உண்டு. இவர்களின் இயல்பான மேல் அழுத்தம் 90 முதல் 110 வரைதான். 140 என்று பார்க்கும் நர்ஸ், ‘கொஞ்சம் பி.பி. இருக்கு’ என்று எழுதிவிட்டு நகரலாம். இவர்களுக்கு அது அபாய மணி.

இன்னொரு அபாயம் தசையில் ஒளிந்திருக்கிறது. அவசரமாக மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டியிருந்தால், தசைகளை நொடிகளில் தளர்த்தும் சக்சமெத்தோனியம் என்ற மருந்து உலகெங்கும் வழக்கத்தில் உள்ளது. சாதாரணமாக, அது ரத்தத்தில் பொட்டாசியத்தைச் சிறிதளவே உயர்த்தும். மூளையின் கட்டளை கிடைக்காத தசையோ, அடிபட்ட சில நாட்களிலேயே தன் மேற்பரப்பு முழுவதும் புதிய ஏற்பிகளை முளைக்க வைத்துக் காத்திருக்கிறது. மருந்து பட்டதும் அத்தனையும் ஒரேயடியாகத் திறந்து, பொட்டாசியம் ரத்தத்தில் வெள்ளமாகக் கொட்ட, இதயம் நின்றுவிடலாம். வியட்நாம் போரில் காயம்பட்ட வீரர்களுக்கு மயக்க மருந்து கொடுத்த அமெரிக்க மருத்துவர்கள் 1960களின் இறுதியில் இதை எழுதிவைத்தார்கள். முதல் இரண்டு மூன்று நாட்களைத் தாண்டிவிட்டால், குறைந்தது ஆறு மாதங்களுக்காவது அந்த மருந்தின் பக்கம் போவதில்லை. ரோக்குரோனியம் போன்ற வேறொன்றைப் பயன்படுத்துகிறார்கள்.

மூச்சிலும் ஒரு தலைகீழ் விதி உண்டு. ஆபரேஷன் முடிந்தவரைச் சாய்த்து உட்காரவைத்தால் மூச்சு எளிதாகும் என்பது பொது வழக்கம். கழுத்தில் அடிபட்டவர் பெரும்பாலும் மல்லாந்து படுத்தால்தான் நன்றாக மூச்சு விடுவார். வயிற்றுத் தசை தளர்ந்திருப்பதால், உட்காரும்போது குடல் முன்னே சரிய, உதரவிதானமும் தாழ்ந்து பலம் இழக்கிறது. படுத்தால் குடல் அதை மேலே ஏந்திக் கொடுக்கிறது.

ஆபரேஷனுக்குப் பின் வயிற்றில் தையல் கசிந்து சீழ் பிடித்தாலும் இவர்கள் ‘வயிறு வலிக்கிறது’ என்று சொல்லப்போவதில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலும் பிடிபடாது. கால்கள் வழக்கத்தைவிட அதிகமாக வெட்டி இழுக்கும், பசி போகும், நாடி ஏறும். சிலருக்குத் தோள்பட்டை வலிக்கும். உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புவதால், அந்த ஒரு செய்தி மட்டும் சில நேரம் தப்பி மூளைக்குப் போய்விடுகிறது. ‘என்னமோ சரியில்லை டாக்டர்’ என்று நோயாளி சொன்னால், அனுபவசாலிகள் விவாதிக்காமல் ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள்.

மேலைநாடுகளில் இவர்களில் பலர் பர்ஸில் ஒரு சிறிய அட்டை வைத்திருக்கிறார்கள். இயல்பான பி.பி. எவ்வளவு, ஏறினால் எதை முதலில் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கும். நம் ஊரில் அந்த அட்டையின் வேலையைப் பெரும்பாலும் மனைவியோ அம்மாவோதான் செய்கிறார்கள்: ‘மாத்திரை அப்புறம் குடுங்க சிஸ்டர், முதல்ல டியூபைப் பாருங்க.’