வல்லரசை மடக்கிய புல்!

வெள்ளை மாளிகையின் தென்புறப் புல்வெளியை டிவியில் பார்த்திருப்பீர்கள். பச்சையும் வெள்ளையுமாகப் பளபளக்கும் ஹெலிகாப்டர், படியோரம் விறைப்பாக சல்யூட் அடிக்கும் மரீன் வீரர், கையசைத்தபடி ஏறும் அதிபர். சரி, கேமரா காட்டாத பக்கம் போவோமா?

முதல் ரகசியம் தரையிலேயே இருக்கிறது. சக்கரம் புல்லில் படாது! மூன்று வட்டத் தட்டுகளை முன்கூட்டியே போட்டுவைத்துவிடுவார்கள். பைலட் அவற்றின்மேல் பிசகாமல் இறக்கியாக வேண்டும். ‘மரீன் ஒன்’ என்பதுகூட ஹெலிகாப்டரின் சொந்தப் பெயர் இல்லை. அதிபர் உள்ளே இருக்கும்வரைதான் அந்தப் பட்டம். அவர் இறங்கினால் அதுவும் இறங்கிவிடும். மேலே போனால் இன்னும் கூத்து. அச்சு அசலாக அதேபோன்ற ஹெலிகாப்டர்கள் கூடவே பறந்து, நடுவானில் இடம் மாறிக்கொண்டே இருக்கும். எதில் அதிபர்? கண்டுபிடியுங்கள் பார்ப்போம்!

இந்தக் கண்கட்டு வித்தையை நடத்துவது வர்ஜீனியாவின் குவான்டிகோவில் இருக்கும் ஹெச்எம்எக்ஸ்-1 படைப்பிரிவு. அதன் செல்லப்பிள்ளை, 1970களில் வேலைக்கு வந்த விஹெச்-3டி சீ கிங். இத்தனை வயதான பிறகும் ஓய்வு கொடுக்காமல் வைத்திருந்தால் எப்படி?

கொடுக்கத்தான் பார்த்தார்கள். முதலில் தேர்வானது விஹெச்-71. சுமார் 610 கோடி டாலரில் தொடங்கிய பட்ஜெட், 1,300 கோடி டாலர் வரை எகிறியது. இருக்கிற ஹெலிகாப்டரே தனக்குப் போதும், இதற்கு முன் தன்னிடம் ஹெலிகாப்டரே இருந்ததில்லையே என்று ஜோக் அடித்தார் ஒபாமா. 2009-ல் திட்டத்துக்கு மூடுவிழா!

2014-ல் சிகோர்ஸ்கி நிறுவனத்துக்கு ஒப்பந்தம் போனது. விஹெச்-92ஏ, மொத்தம் 23. எல்லாம் ஜோராகப் போய்க்கொண்டிருந்தபோது, 2018-ல் அந்தப் புல்வெளியிலேயே ஒரு சோதனை. வந்தது, இறங்கியது... புல் கருகியது! விசிறி சுழலச் சுழல, எஞ்சினின் சூடான புகை கீழ்நோக்கி அடித்து, அதிபர் வீட்டுத் தோட்டத்தைப் பொசுக்கிவிட்டது. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பார்கள். இங்கே வல்லரசுக்குப் புல்லே வில்லன்!

எஞ்சினியர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். ஆண்டுகள் ஓடின. ஒருவழியாக 2024 ஆகஸ்டில் அதிபர் பைடனை ஏற்றிக்கொண்டு புதியவர் அரங்கேறினார். எங்கே தெரியுமா? புல்வெளியை விட்டு வெகுதூரம் தள்ளி, சிகாகோவில்! வெள்ளை மாளிகை வாசலில் அப்போதும் சீ கிங்கின் ராஜ்ஜியம்தான்.

அடுத்த முறை டிவியில் பார்க்கும்போது உங்களுக்கு ஒரு சின்ன வேலை. மேலே சுழலும் விசிறி நின்றதும் இறக்கைகளை எண்ணுங்கள். ஐந்து என்றால் பழைய சீ கிங். நான்கு என்றால் புதுசாக இருக்கலாம். புதுசு என்றால், உடனே கீழே புல்லையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்!