முட்டைக்குள் ஒரு மின்துடிப்பு!

கோழி முட்டையை அடைக்கு வைத்தால் 21 நாளில் குஞ்சு பொரிக்கும். இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் இரண்டாம் நாளே, மூளையும் தண்டுவடமும் ஆகப்போகிற நரம்புக் குழாய் கருவில் உருவாகத் தொடங்கிவிடும். தெரியுமா? அதற்குள் ஒரு மரபணுவைச் செலுத்தி, அது என்ன வேலை செய்கிறது என்று விஞ்ஞானிகள் பார்க்கிறார்கள். செலுத்த உதவுவது மின்சாரம்! 1997-ல் ஜப்பானில் முராமட்சு குழுவினர் கோழிக் கருவில் இதைச் செய்து காட்டினார்கள்.

எப்படி என்கிறீர்களா? முட்டையிலிருந்து கொஞ்சம் வெள்ளைக்கருவை ஊசியால் உறிஞ்சிவிட்டு, ஓட்டில் சின்ன ஜன்னல் வெட்டுவார்கள். மரபணுக் கரைசலை மெல்லிய கண்ணாடிக் குழாயால் நரம்புக் குழாய்க்குள் விடுவார்கள். கருவின் இருபுறமும் மின்கம்பிகளை வைத்து, சுமார் 25 வோல்ட்டில் ஐந்து துடிப்பு. ஒவ்வொன்றும் நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம்தான். பிறகு டேப் ஒட்டி மூடி இன்குபேட்டரில் வைத்தால், கரு தன்பாட்டுக்கு வளரும்.

உள்ளே என்ன நடக்கிறது? செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் கண நேரம் நுண்துளைகள் திறக்கின்றன. டி.என்.ஏ. எதிர்மின் தன்மை உடையது. அதனால் நேர்மின் கம்பி இருக்கும் பக்கமே ஓடும். ஆக, குழாயின் ஒரு பக்கத்தில் மட்டும் புது மரபணு. மறுபக்கம் இயற்கையாகவே இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டால் மரபணுவின் வேலை புரிந்துவிடும்.

"அப்போ குழந்தையையும் இஷ்டப்படி மாத்திடலாமா டாக்டர்?" பயப்படாதீங்க! இது ஆராய்ச்சிக்கான வழி. உள்ளே போன மரபணுகூட பெரும்பாலும் நிலைப்பதில்லை. செல்கள் பெருகப் பெருக, சில நாளில் நீர்த்துப்போகும்.

நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. மனிதக் கருவில் இதே குழாய், கருத்தரித்து சுமார் 28 நாளுக்குள் மூடிவிடும். "நாள் தள்ளிப்போச்சே" என்று பெண்ணுக்குச் சந்தேகம் வருவதே அப்போதுதான்! சரியாக மூடாவிட்டால் குழந்தையின் தண்டுவடத்தில், மூளையில் குறை வரும். ஃபோலிக் அமிலம் இதைப் பெருமளவு தடுக்கும் என்று 1991-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஆகவே, குழந்தைக்குத் திட்டமிடும்போதே தினமும் 400 மைக்ரோகிராம் மாத்திரையைத் தொடங்குங்கள். முந்தைய குழந்தைக்கு இக்குறை இருந்திருந்தால் அளவு கூடும். மகப்பேறு மருத்துவரைக் கேளுங்கள்.

"கீரை சாப்பிட்டா போதாதா?" கீரை நல்லதுதான், தாராளமா சாப்பிடுங்க. ஆனால் சித்த மருத்துவனான நானே சொல்கிறேன்: மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க!